குல்மார்க் பனியில் வாடகைக் கார்: குலசேகரத்து வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் வியாபாரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44. மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு 15, மகனுக்கு 11. அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு காஷ்மீர் போய், குல்மார்க்கில் மூன்று நாள் தங்கிப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு பழக்க வேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம். குவைத்திலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனரும் உடன் வருகிறார். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி வழியாக ஜம்மு வரை விமானம். அங்கிருந்து வாடகைக் காரில் தாங்களே ஓட்டிப் போவதாக எண்ணம். காரணம், மகளின் ஆசை. நம் மாவட்டத்தில் வந்து முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரில்தான் தொடங்குகிறது. அந்த முனையையும் பார்த்துவிட வேண்டும் என்கிறாளாம்.

ஜம்முவில் மைத்துனருக்கு அறிமுகமான ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 2,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்றிருக்கிறார். "யாராவது நிறுத்திக் கேட்டால் நண்பனின் கார் என்று சொல்லிவிடுங்கள்" என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாசகர் நான்கு கேள்விகள் கேட்கிறார். இப்படிக் கார் எடுப்பதில் சட்டச் சிக்கல் உண்டா? காருக்கு முழுக் காப்பீடு இருப்பதால் பயப்பட வேண்டியதில்லை அல்லவா? குவைத் ஓட்டுநர் உரிமத்தை வைத்து மைத்துனர் இங்கே ஓட்டலாமா? பேச்சிப்பாறை மலைச் சாலையில் இருபது ஆண்டுகள் ஓட்டிய கை, பனியிலும் ஓட்டிவிடாதா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பயணம் நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டும் வயது இதுதான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் இரண்டு இடங்களில் குடும்பமே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒன்று அந்தக் காரின் நம்பர் பலகையில் இருக்கிறது. மற்றொன்று குல்மார்க்குக்கு ஏறும் கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது.

வெள்ளைப் பலகைக் கார்

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வாகனம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்சி. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். இந்தத் தொழிலுக்கென்று 1989ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. குறைந்தது 50 வாகனங்கள் வைத்திருப்பவருக்குத்தான் அதன்கீழ் உரிமம். ஒற்றைக் காரை வீட்டு முற்றத்திலிருந்து எடுத்து வாடகைக்கு விடுபவர் அதற்குள் வரவே முடியாது.

விடுமுறைக்கு வரும் வளைகுடாக்காரர்களுக்கு வெள்ளைப் பலகைக் காரை மாத வாடகைக்கு விடுவது நம் பக்கத்திலும் கேரளத்திலும் பழகிப்போன விஷயம். எல்லோரும் செய்வதால் குற்றம் இல்லை என்றாகிவிடாது. பெர்மிட் இல்லாமல் வாகனத்தை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. "ஓட்டுகிறவர்" என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. உரிமையாளரோடு உங்களையும் சேர்த்துத்தான்.

அபராதம் சிறிய விஷயம். காப்பீட்டுக்கு வருவோம். "முழுக் காப்பீடு இருக்கிறது" என்று நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். சொந்த உபயோகக் காரின் பாலிசியில், எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு விடுவது அதில் விலக்கப்பட்டிருக்கும். கார் சேதமானால் நிறுவனம் பணம் தர மறுக்கும். வேறொருவர் அடிபட்டால், தீர்ப்பாயம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தையே முதலில் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும். உரிமையாளர் யாரிடம் வருவார்? உங்களிடம்தான்.

இதை நான் நாகர்கோவிலில் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். தங்கையின் கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊர்க்காரரிடம் ஐந்து நாளுக்குக் கார் எடுத்த ஒருவர் எனக்குக் கட்சிக்காரர். இருசக்கர வாகனத்தில் மோதிவிட்டார். நண்பரின் கார் என்றே விசாரணை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரே ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கைபேசியில் பணம் அனுப்பிய ரசீதின் நகல். தொகைக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், என் கட்சிக்காரரே தட்டச்சு செய்திருந்தார்: "கார் வாடகை 5 நாள்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் முப்பது சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்றுத்தான் அந்த விவகாரம் தீர்ந்தது.

சரி, உண்மையிலேயே இரவல் வாங்கிய கார்தான் என்று எல்லோரும் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்பு குறைவு. காரோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போதுதான் பொருந்தும். 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறவராகவே கருதப்படுவார் என்று சொன்னது. அந்த வழக்கில், இரவல் பைக்கில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தவரின் குடும்பம், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு பெற அப்போது சட்டத்தில் இருந்த 163ஏ பிரிவின் பலனை இழந்தது. ஆக, வாடகை என்றாலும் சிக்கல், இரவல் என்றாலும் சிக்கல். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காரை வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

மைத்துனரின் உரிமம்

அவருடைய இந்திய உரிமம் காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். குவைத் உரிமம் கையில் இருப்பது இங்கே இந்திய உரிமத்துக்கு மாற்று ஆகாது. முன்பு காலாவதிக்குப் பிறகு முப்பது நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தோடு அது போய்விட்டது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்திருந்தால் எளிதாகப் புதுப்பித்திருக்கலாம். ஓராண்டு கடந்துவிட்டதால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு வந்து இறங்குகிறவருக்கு அதற்கு நேரம் இருக்காது. இந்தப் பயணத்தில் அவர் ஓட்டப் போவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். அவரிடம் சாவியைக் கொடுத்தவருக்கும் தனியாகத் தண்டனை உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் உரிமத்தைத்தான்.

"பாலைவன மணலில் ஓட்டியவருக்குப் பனி பெரிய விஷயமா" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மணலில் சக்கரம் புதையும், வண்டி நின்றுவிடும். உறைபனியில் வண்டி நிற்காது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வரை

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். 2017இல் திறந்த செனானி-நாஷ்ரி சுரங்கமும் 2021இல் திறந்த பனிஹால்-காசிகுண்ட் சுரங்கமும் பயணத்தை மிகவும் எளிதாக்கியிருக்கின்றன. ஆனாலும் ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவில் மலை சரிவதும் கல் உருண்டு விழுவதும் குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கிறது. மழையோ பனியோ பிடித்துக்கொண்டால் சாலையை மூடிவிடுவார்கள். சில சமயம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைச் சில்லை கலான் என்கிறார்கள். ஆண்டிலேயே கடுமையான குளிர் அப்போதுதான். நீங்கள் போவது சரியாக அந்த நாள்களில்.

ஏழு நாள் பயணத்தில் இரண்டு நாளை நெடுஞ்சாலையில் காத்துக்கிடக்கக் கொடுப்பானேன்? டெல்லியிலிருந்து நேராக ஸ்ரீநகருக்கே விமானத்தில் போகலாம். இல்லையென்றால் 2025 ஜூன் மாதத்திலிருந்து ஜம்முவை அடுத்த கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ரயிலைத்தான். நம் கன்னியாகுமரியிலிருந்தே கட்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. மூன்று இரவு ரயிலில் கழிக்க மனம் இருந்தால் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிள்ளைகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

ஸ்ரீநகரில் இறங்கிய பிறகு, கறுப்புப் பலகைக் கார் கிடைத்தால் ஊருக்குள்ளும் காய்ந்த சாலைகளிலும் ஓட்டிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்மார்க்குக்கு மேலே

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். தங்மார்க் வரை பள்ளத்தாக்குச் சாலை. அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, 2,650 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. பனி விழுந்த நாள்களில் சக்கரத்தில் சங்கிலி கட்டாத வண்டியை மேலே விட மாட்டார்கள். தங்மார்க்கிலேயே காரை நிறுத்திவிட்டு, சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டியில் ஏறிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். இதைச் சுற்றுலாப் பயணிகளிடம் பணம் பறிக்கும் ஏற்பாடு என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூலியைப் பேசித்தான் ஏற வேண்டும், அது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டின் அவசியத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். தங்மார்க்கில் ஓட்டுநர் பனியில் முழங்காலிட்டு, கிணற்றுச் சங்கிலி போன்ற ஒன்றைச் சக்கரத்தின்மேல் போர்த்தினார். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, மறுபடி இறங்கி, மறுமுனையை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். விரல்கள் செம்பருத்தி நிறத்தில் சிவந்துவிட்டன. பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் சங்கிலி இல்லாமல் எப்படியோ மேலே வந்துவிட்ட கார் ஒன்று நின்றது. நின்றது என்றா சொன்னேன்? பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான்கு சக்கரமும் சுழலவில்லை. கார் மட்டும் நடக்கிற வேகத்தில் பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவர் என்ன செய்வார் பாவம்! பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றதால் பிழைத்தார்கள். எங்கள் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய் அவர்களுக்கும் சங்கிலி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

உங்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளிரில் ரப்பர் விறைக்கும். நாம் இங்கே ஓட்டும் டயர் வெயிலுக்கென்று கலந்த கலவை. வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயர் என்று தனியாக உண்டு. அதில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதலாக இருக்கும். குளிரிலும் இளக்கம் கெடாது. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருப்பார்கள். நம் நாட்டு வாடகைக் கார்களில் பெரும்பாலும் சாதாரண டயர்தான் இருக்கும். உறைபனியில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை நீளலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் கவலையில்லை என்கிறீர்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதில் அதற்குத் தனிச் சிறப்பு கிடையாது.

பேச்சிப்பாறைச் சாலையில் நீங்கள் சம்பாதித்த அனுபவம் வளைவுகளையும் கியரையும் பற்றியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கறுப்புச் சாலைமேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும் உறைபனி கண்ணுக்கே தெரியாது. ஈரம் என்று நினைத்து மிதித்துவிடுவோம். பாலங்களின்மேல் அது முதலில் உறையும். நிழல் விழும் வளைவுகளில் மதியம் வரைகூட உருகாமல் கிடக்கும். ஆகவே தங்மார்க்குக்கு மேலே நீங்கள் ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சட்டம் தடுக்காத நாளிலும் வேண்டாம்.

பனியில் எங்காவது வண்டி சிக்கிக்கொண்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கவே கூடாது. புகைபோக்கியின் வாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். வாசனை இருக்காது, தெரியாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரியில் பனியில் சிக்கிய வண்டிகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலரின் சாவுக்கு இந்த வாயுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட்டு, சற்று நேரம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை விரல் அளவு திறந்து வையுங்கள்.

கறுப்புப் பலகைக் கார் எடுக்கும்போது

ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் உட்கார்ந்து படியுங்கள். விபத்தானால் நீங்கள் ஏற்க வேண்டிய அதிகபட்சத் தொகை எவ்வளவு என்று அதில் இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றை அந்த வரம்புக்கு வெளியே வைத்திருப்பார்கள். பனிச் சாலையில் அடிபடுவதும் இவைதான். குல்மார்க் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறதா, வண்டியை இழுத்து வரும் செலவு யாருடையது, ஓட்டுநராக யார் பெயர் பதிவாகிறது என்பதையும் கேளுங்கள். உங்கள் பெயர் மட்டும் இருக்கும்போது வேறொருவர் ஓட்டினால் எல்லாப் பாதுகாப்பும் போய்விடும். பதிவுச் சான்றிதழ், பெர்மிட், காப்பீடு ஆகியவற்றின் தேதிகளைப் பாருங்கள். ஆதார் அட்டையின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வண்டியைச் சுற்றி நடந்து, அடிப்பாகம் உட்பட, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் உறையாத கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று கேளுங்கள். நம் ஊரில் வெறும் தண்ணீரோடு காலம் தள்ளலாம். அங்கே ஓர் இரவில் உறைந்து இன்ஜினையே பிளந்துவிடும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். இரவில் கைபிரேக்கை இழுத்து வைத்தால் அது உறைந்து இறுகிக்கொள்ளக்கூடும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காலையில் கண்ணாடிமேல் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

வாடகை நிறுவனம் முன்பணத்தைத் தர மறுத்தால் அதற்காக ஸ்ரீநகருக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே புகார் கொடுக்கலாம். வேறொரு வண்டி உங்கள்மேல் மோதி அடிபட்டாலும் இழப்பீட்டு மனுவை இங்கேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் மோதியதாகக் குற்ற வழக்கு வந்தால் மட்டும் அது அங்கேதான் நடக்கும். வாய்தாவுக்கு வாய்தா குலசேகரத்திலிருந்து காஷ்மீர் போய்வருவது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. உங்களுடையதோ மனைவியுடையதோ ஒன்றையாவது புறப்படும் முன் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சுற்றுலா இடங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் கிளம்பும் வாரத்தில் அங்குள்ள நிர்வாகத்தின் அறிவிப்பில் பாருங்கள்.

மகளின் ஆசைக்கும் வழி இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து தெற்கே குங்குமப்பூ விளையும் பாம்பூர் பதினைந்து கிலோமீட்டர்தான். அதுவும் 44ஆம் எண் சாலைதான், ஏறக்குறைய சமவெளி. வெயில் அடித்துச் சாலை காய்ந்திருக்கும் ஒரு முற்பகலில், கறுப்புப் பலகைக் காரில், மகளை முன் இருக்கையில் உட்காரவைத்து அந்தப் பதினைந்து கிலோமீட்டரை நீங்களே ஓட்டுங்கள். டிசம்பரில் பூ இருக்காது. கன்னியாகுமரி என்று எழுதிய பலகை எங்காவது தென்பட்டால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.